அப்பாவுக்கு வந்திருப்பது ‘பிரமேகமா’?

கேள்வி: கொல்லத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனது. வயது 67. வரும்போது சாப்பாட்டு முறை பற்றி மலையாளத்தில் அச்சடித்த தாள் ஒன்று கொடுத்தார்கள். பக்கத்து வீட்டு லாரி டிரைவர் படித்துப் பார்த்து, “பிரமேக ரோகின்னு போட்டிருக்கு” என்றார். அன்றிலிருந்து அம்மா அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இது என்ன நோய்?
– வாசகர், புளியரை

பதில்: முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள்: அந்தத் தாள் சொல்வது சர்க்கரை வியாதியை. மலையாளத்தில் அதற்கு அன்றாடப் பெயரே பிரமேஹம்தான்.

வடமொழியில் ‘மிஹ்’ என்றால் சிறுநீர் கழிப்பது. ‘ப்ர’ மிகுதியைக் காட்டுவது. நீர் அதிகமாகப் போகிற நோய் என்று பொருள். ஆயுர்வேதம் இதில் 20 வகை சொல்கிறது. சிறுநீர் தேன் மாதிரி இனிக்கும் மதுமேகம் அதில் ஒன்று. ஆந்திரப் பக்கம் சர்க்கரைக்கு மதுமேஹம் என்றே பெயர். தமிழுக்கு வந்தபோது ‘ஹ’ ‘க’ ஆனது, சரி. பேச்சில் பொருளும் தடம் மாறிவிட்டது. பஸ் ஸ்டாண்ட் சுவரில் லாட்ஜ் வைத்தியர்கள் ஒட்டும் நோட்டீஸில் மேகநோய், வெட்டை என்று பார்த்திருப்பீர்கள்; அங்கே அது பால்வினை நோயைக் குறிக்கும். டிரைவர் எழுத்தைச் சரியாகத்தான் படித்தார்; அர்த்தத்தை அந்த நோட்டீஸிலிருந்து எடுத்துக்கொண்டார்.

எல்லையில் இது புதிதல்ல. “மூணு நாளா பனி” என்று வந்த மலையாள அம்மாவிடம் எங்கள் கிளினிக் பையன் ஸ்வெட்டர் போடச் சொன்னான். அங்கே பனி என்றால் காய்ச்சல். எலிப்பனி நம் எலிக்காய்ச்சல்.

தாளை மட்டும் வைத்து நோயை முடிவு செய்யாதீர்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் ‘டி.எம்.’ என்று இருக்கிறதா பாருங்கள். டயபடிஸ் மெல்லிடஸின் சுருக்கம் அது. ஆபரேஷனுக்கு முந்தைய ரத்தப் பரிசோதனையில்தான் பலருக்கும் சர்க்கரை இருப்பதே தெரியவருகிறது. வெறும் வயிற்றில் 126-ஓ அதற்கு மேலோ, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் சர்க்கரைதான். தொந்தரவு எதுவும் இல்லாதவர் என்றால் இன்னொரு முறை பார்த்து உறுதி செய்வோம். இருப்பது உறுதியானால் விழித்திரையையும் வருடம் ஒருமுறை காட்டுங்கள். கண்புரை எடுத்தாகிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது.

தென்காசியில் டாக்டரைப் பார்க்கும்போது ‘சுகர்’ என்றே சொல்லி, சீட்டை அப்படியே நீட்டுங்கள். அப்புறம், அந்த டிரைவரிடமும் ஒரு வார்த்தை. தெருவில் இன்னும் யார் யாரிடம் சொல்லி வைத்திருக்கிறாரோ!