கை கடிக்கிற காலம்: வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த லெட்டர்ல பாதிக்கு மேல பணக்கஷ்டம் பத்திதான். சமையல் டிப்ஸ், மருமகள் பிரச்சனை எல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளி வச்சுட்டு இதையே எடுத்துக்கறேன்.

திருப்பூர்ல இருந்து பேர் போட வேணாம்னு எழுதின ஒரு வாசகி: நாங்க லைன் வீட்ல இருக்கோம். பனியன் கம்பெனியில அவர் டெய்லர், நான் செக்கிங். 2025 ஆகஸ்ட்ல அமெரிக்காக்காரன் 50 சதவீதம் வரி போட்டதுல இருந்து ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட்டாச்சு, சில வாரம் அதுவும் முழுசா இல்ல. எப்ப என்ன ஆகும்னே தெரியல, அதனால நாலு மூட்டை அரிசி வாங்கி போட்டுடலாம்னு அவர் சொல்றாரு. பணமா வச்சுக்கலாம்னு நான் சொல்றேன். யார் சொல்றது சரி?

நீங்க சொல்றதுதான் முதல்ல, அவர் சொல்றது அப்புறம், அதுவும் நாலு மூட்டை வேணாம் ஒண்ணு போதும். ஏன்னா நம்ம ஊர்ல குடும்பம் படுக்கறது அரிசி இல்லாம இல்லங்க, ரேஷன் அரிசி இலவசம், எப்படியோ சோறு பொங்கிடுவோம், ஆனா வீட்டு வாடகை, பிள்ளைக்கு காய்ச்சல், வண்டி ரிப்பேர்னு திடீர்னு ஒரு 10,000 ரூபா தேவைப்படும்போது கையில இல்லாம வட்டிக்காரர் கிட்ட போய் நிக்கறோம் பாருங்க, அங்கதான் விழுறோம். கணக்கு போட்டுப் பாருங்க, 50,000 ரூபா பத்து வட்டிக்கு வாங்கினா மாசம் 5,000, வருஷம் 60,000 கட்டியிருப்பீங்க, அசல் அப்படியே 50,000 நிக்கும். கந்துவட்டிக்கு எதிரா 2003லயே தமிழ்நாட்டுல சட்டம் வந்தாச்சு, இருந்தாலும் சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் வாங்கற நேரம் பார்த்து கம்பெனி கேட் பக்கத்துல வந்து நிக்கறவங்க நின்னுட்டுதான் இருக்காங்க. குழு லோனும் அப்படித்தான், ஒரு லோன் கட்ட இன்னொரு குழுவுல சேர்றதுன்னு ஆரம்பிச்சா நிறுத்தவே முடியாது. அதனால ரெடியா இருக்கறதுன்னு நான் சொல்றதே அந்த ஆள்கிட்ட போகாம ஒரு மூணு மாசம் தாக்குப் பிடிக்கறதுக்குத்தான்.

உங்களுக்கு வார சம்பளம்ங்கறது ஒரு விதத்துல நல்லது. சனிக்கிழமை கவர் கைக்கு வந்ததும் மளிகைக்கடைக்குப் போறதுக்கு முன்னாடியே 200 ஆகட்டும் 300 ஆகட்டும் எடுத்து தனியா வச்சிடுங்க, மிச்சம் இருந்தா போடலாம்னு நினைச்சா என்னைக்கும் மிச்சம் இருக்காது. போஸ்ட் ஆபீஸ் சேமிப்பு கணக்கு 500 ரூபாயில ஆரம்பிக்கலாம், அந்த கணக்கை கூகுள்பேல சேர்க்காதீங்க, சேர்த்தா கரைஞ்சிடும். ஒரு மாச வாடகையும் ஒரு மாச சாப்பாட்டு செலவும் அதுல சேர்ந்தப்புறம் வேணா ஆர்.டி. போடுங்க, மாசம் 100 ரூபாயில இருந்தே போடலாம், 12 தவணை கட்டி ஒரு வருஷம் ஆனா கட்டினதுல பாதி வரைக்கும் அதுலயே கடன் எடுக்கலாம். நகை சீட்டு, தீபாவளி சீட்டு இதெல்லாம் இப்ப வேணாம், அவசரத்துக்கு உடைக்க முடியாத காசு அவசரத்துக்கு இருக்கற காசு கிடையாது. ரெண்டு பேர் பேர்லயும் பேங்க்ல வருஷம் 20 ரூபா விபத்து இன்சூரன்ஸும் 436 ரூபா ஆயுள் இன்சூரன்ஸும் போட்டிருக்கான்னு பாஸ்புக்க பாருங்க, ரெண்டுக்குமே 2 லட்சம் வரும், மே மாசக் கடைசியில கணக்குல காசு இல்லைன்னா அது நின்னு போயிடும், நிறைய பேருக்கு நின்னு போனதே தெரியறதில்ல.

ரேஷன் கார்டு ஊர்ல இருக்குன்னு விட்டுட்டீங்களா? திருப்பூர்ல பாதிப்பேர் அப்படித்தான். தமிழ்நாட்டுக்குள்ள எந்தக் கடையிலயும் கைரேகை வச்சு வாங்கலாம், கடைக்காரர் முகம் சுளிச்சாலும் கேளுங்க, துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் பாக்கெட் 25, வெளியில என்ன விலைன்னு உங்களுக்கே தெரியும். பசங்க அரசுப் பள்ளியில அஞ்சாவதுக்குள்ள படிச்சா காலை டிபனும் அங்கயே ஆயிடும். இதையெல்லாம் வாங்க கூச்சப்படறவங்க அதே வாரம் வட்டிக்கு வாங்க கூச்சப்படறதில்ல, அது எனக்கு புரியவே மாட்டேங்குது.

அவர் கேட்ட அரிசி ஒரு மூட்டை மட்டும் வாங்குங்க. 26 கிலோ மூட்டைதான் வரும், 2022 ஜூலைல 25 கிலோ வரைக்கும் பேக்கிங் அரிசிக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டதும் மில்லுக்காரங்க 26 ஆக்கிட்டாங்க. அதை வச்சுட்டு தினம் சாப்பிடற அரிசியை அதுல இருந்தே எடுங்க, பாதி ஆனதும் அடுத்தது வாங்குங்க. கஷ்டம் வந்தா பார்த்துக்கலாம்னு பரண்ல ஏத்தினீங்கன்னா அது வண்டுக்கு வாங்கினது.

தேனியில இருந்து ஒரு அம்மா: வருஷத்துக்கு வேண்டிய பருப்பு, புளி, மிளகாய் எல்லாம் எங்க மாமியார் காலத்துல ஒரே தடவை வாங்கி வைப்பாங்க. நான் வாங்கி வச்சா மூணு மாசத்துல பூச்சி. என்ன பண்றது?

உங்க மாமியார் சீசன் பார்த்து வாங்கினாங்க, நாம ஆஃபர் பார்த்து வாங்கறோம், அதான் வித்தியாசம். புதுப்புளி மாசி பங்குனியில வரும், அப்ப விலையும் இறங்கியிருக்கும். கொட்டை, நார், ஓடு எல்லாம் எடுத்துட்டு ரெண்டு நாள் வெயில்ல நல்லா காய வச்சு, ஜாடியில கல்லுப்பு ஒரு கைப்பிடி தூவி அதுமேல புளி அமுக்கி மறுபடி உப்புன்னு அடுக்கிக்கிட்டே வாங்க, எவர்சில்வர் டப்பா வேணாம், உப்பும் புளிப்பும் சேர்ந்து டப்பாவை அரிச்சிடும். எடுக்கும்போது கை ஈரம் இருக்கக்கூடாது, இதை வீட்ல உள்ள எல்லாருக்கும் சொல்லி வைங்க.

துவரம்பருப்பை வெயில்ல காய வச்சு முழுசா ஆற விட்டு அப்புறம் டப்பாவுல போடுங்க, சூட்டோட மூடினா உள்ள வேர்த்துடும். கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் விளக்கெண்ணெய் கையில தொட்டு பிசறி வச்சா பூச்சி ஏறாது, சமைக்கும்போது வெந்நீர்ல ஒரு அலசு. உங்க பக்கத்துல துவரைக்கு செம்மண் கட்டி வைப்பாங்களே, அது தோலோட இருக்கற முழுத்துவரைக்கு, கடையில வாங்கற உடைச்ச பருப்புக்கு இல்ல. ரவையை வெறும் சட்டியில வறுத்து ஆற வச்சு வைங்க. அரிசியை மட்டும் வெயில்ல போடாதீங்க, விரிசல் விட்டு கழுவும்போது நொய்யா போயிடும், வண்டு வந்துடுச்சுன்னா நிழல்ல பாய் விரிச்சு பரப்பி விட்டா வண்டு தானா வெளிய ஓடிடும், அப்புறம் புடைச்சு எடுத்து வசம்பு ரெண்டு துண்டோ நிழல்ல காய்ஞ்ச வேப்பிலையோ துணியில முடிஞ்சு உள்ள போடுங்க.

ஒண்ணு மட்டும் கோவமாவே சொல்றேன், வண்டு மாத்திரைன்னு ஒண்ணு கடையில வாங்கி அரிசி மூட்டைக்குள்ள போடற பழக்கம் சில வீட்ல இருக்கு, அது அலுமினியம் பாஸ்பைடு, அதுல இருந்து வர்ற காத்து மூடின ரூம்ல ஆளையே கொன்னுடும், குடோன்ல பயிற்சி எடுத்தவங்க போடறது அது. தூங்கற வீட்டுக்குள்ள வேணவே வேணாம்.

சித்திரை வெயில் வர்றப்ப கொத்தவரங்கா, சுண்டைக்கா, மணத்தக்காளி, மோர்மிளகாய் இந்த நாலையும் போட்டு வச்சிடுங்க. தக்காளி கிலோ 100 ரூபா தாண்டற மாசத்துல வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் வச்சு ஒரு வாரம் ஓட்டலாம், வீட்ல யாரும் குறையா நினைக்க மாட்டாங்க. எண்ணெய் மட்டும் மொத்தமா வாங்காதீங்க, அதுவும் செக்கு எண்ணெய், வச்சு வச்சு எடுத்தா சிக்கு வாடை வந்துடும்.

ராமேஸ்வரத்துல இருந்து ஒரு வாசகர்: 2022 மார்ச்ல இலங்கையில இருந்து படகுல வந்து அரிச்சல்முனையில இறங்கினவங்கள நாங்க நேர்ல பார்த்தோம். அரிசி விலை தாங்க முடியாம வந்தோம்னு சொன்னாங்க. அந்த மாதிரி நமக்கும் வருமா? வந்தா என்ன செய்யணும்?

அதே மாதிரி வரும்னு நான் நினைக்கல, ஆனா அதுல நமக்கு பாடம் இருக்கு. அங்க டாலர் தீர்ந்து போச்சு, அதனால வெளியில இருந்து வர்ற கேஸ், டீசல், பால்மாவு, மருந்து எல்லாம் வர முடியல, மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் கட், ஏப்ரல்ல வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதுன்னு அறிவிச்சாங்க, ஜூலைல பெட்ரோலுக்கு க்யூ.ஆர். கோட் போட்டு அளந்து கொடுத்தாங்க. அரிசி தட்டுப்பாடு வந்ததுக்கு அதுக்கு முந்தின வருஷம் திடீர்னு ரசாயன உரத்தை நிறுத்தினதும் ஒரு காரணம், நெல் விளைச்சல் இறங்கிடுச்சு. நம்மகிட்ட அரிசி கோதுமை குடோன்ல இருக்கு. ஆனா கச்சா எண்ணெய்ல 85 சதவீதத்துக்கு மேலயும் சமையல் எண்ணெய்ல பாதிக்கு மேலயும் நாமளும் வெளிய இருந்துதான் வாங்கறோம், அதனால நமக்கு இடிச்சா கேஸ், பெட்ரோல், எண்ணெய் விலையிலதான் முதல்ல இடிக்கும்.

அங்க கேஸ் இல்லாம போனப்ப கொல்லையில விறகடுப்பு வச்சிருந்தவங்க சமாளிச்சாங்க, ஃப்ளாட்ல இருந்தவங்கதான் பட்டினி. அதனால சமைக்க ரெண்டு வழி வச்சுக்கோங்க, இடம் இருந்தா விறகடுப்பு, இல்லைன்னா ரெண்டாவது சிலிண்டர், கூடவே ஒரு இன்டக்ஷன். தெர்மல் ரைஸ் குக்கர்னு விக்கறாங்களே, புழுங்கலரிசியை பத்து பதினஞ்சு நிமிஷம் கொதிக்க விட்டு பாத்திரத்தோட அந்த டப்பாவுக்குள்ள வச்சு மூடினா மிச்சம் தானா வெந்துடும், அது வாங்கின வீட்ல சிலிண்டர் கண்ணுக்குத் தெரிஞ்சு கூட நாள் வருது. சுகர், பிரஷர் மாத்திரை சாப்பிடறவங்க எப்பவும் ஒரு மாசத்துக்கு கையிருப்பு வச்சிருங்க, அட்டை முடியற அன்னிக்கு கடைக்கு ஓடாதீங்க.

சென்னை பள்ளிக்கரணையில இருந்து ஒரு தம்பி: மொட்டை மாடியில தோட்டம் போட்டு காய்கறிக்கு கடைக்கே போகாம இருக்கலாம்னு வீடியோல சொல்றாங்க. 8,000 ரூபாய்க்கு க்ரோ பேக் செட் சொல்றாங்க, வாங்கவா?

வேணாம் தம்பி. 8,000 ரூபாய்க்கு ஒரு வருஷம் கீரை வாங்கி சாப்பிடலாம். மாடியில வெங்காயம், உருளைக்கிழங்கு, கேரட் எல்லாம் போட்டு குடும்பம் நடத்த முடியாது, அது ஆசைக்கு செய்யறது, ஆசைக்கு செய்யுங்க தப்பில்ல, சிக்கனம்னு சொல்லாதீங்க. சிக்கனத்துக்கு செய்யறதா இருந்தா உடைஞ்ச பக்கெட், பெயிண்ட் டப்பா, பழைய தெர்மோகோல் பெட்டி போதும், அடியில ஓட்டை போட்டு மண்ணும் மக்கின சாணியும் நிரப்பி முளைக்கீரை தூவுங்க, மூணு நாலு வாரத்துல பறிக்கலாம். அரைக்கீரையை கிள்ளக் கிள்ள மறுபடி வரும். பொன்னாங்கண்ணியும் பசலையும் கடையில வாங்கின கட்டுல இருந்தே தண்டை நட்டா பிடிச்சுக்கும். கறிவேப்பிலை ஒண்ணு, பச்சைமிளகாய் நாலு செடி. கீழ கொஞ்சம் மண்ணு இருந்தா முருங்கைப் போத்து ஒண்ணு ஊனிடுங்க, அதுக்கு மேல இலவசமா எதுவும் இல்ல.

நீங்க பள்ளிக்கரணைங்கறதால இன்னொண்ணு சொல்லணும், தோட்டத்தை விட அதுதான் உங்களுக்கு அவசரம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப உங்க பக்கம் நாள்கணக்குல கரண்ட் இல்ல, டவர் இல்ல, டவர் இல்லைன்னா ஜிபேயும் இல்ல, கணக்குல பணம் இருந்தும் பால் பாக்கெட் வாங்க முடியாம நின்னாங்க. அக்டோபர் பொறந்ததுமே 2,000 ரூபாயை 50, 100 நோட்டா மாத்தி வச்சிடுங்க. தண்ணி கேன் ரெண்டு எக்ஸ்ட்ரா, பவர் பேங்க், அவல், பொரிகடலை, பால் பவுடர், பத்திரமும் சர்டிபிகேட்டும் ஜிப் கவர்ல போட்டு பீரோ மேல் தட்டுல. குளிருதுன்னோ சமைக்கவோ கதவை மூடிட்டு கரி அடுப்பு பத்த வைக்காதீங்க, ஜெனரேட்டரையும் வீட்டுக்குள்ள ஓட்டாதீங்க, அதுல இருந்து வர்ற விஷக்காத்து வாசனையே தெரியாம ஆளை சாய்ச்சிடும்.

சேலத்துல இருந்து ஒரு வாசகி: அவசரத்துக்கு நகையை விக்கறதா அடகு வைக்கறதா?

ஆறு மாசத்துல திருப்ப முடியும்னு கையில வழி இருந்தா அடகு, கூட்டுறவு பேங்க்லயோ அரசு பேங்க்லயோ, தெருமுனை கடையில இல்ல. வழியே இல்லைன்னா ஒரு சின்ன உருப்படியை வித்துடுங்க. வட்டி மட்டும் கட்டி கட்டி வருஷக்கணக்கா மாத்தி வைக்கறது இருக்கே, நகை உங்களோடதுன்னு பேர், போட்டுக்கறது பேங்க் லாக்கர்.

ஈரோட்டுல இருந்து: கரண்ட் பில் ஒரு தடவை 1,500, அடுத்த தடவை அதுக்கு மேல எங்கயோ போகுது. பெருசா ஒண்ணும் கூட போடல. மீட்டர் கோளாறா?

மீட்டரா இருக்கலாம், ஆனா முதல்ல யூனிட்டை பாருங்க. ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் வரைக்கும் ஒரு கணக்கு, 500 தாண்டி ஒரு யூனிட் ஓடினாலும் கணக்கே வேற, கீழ இருக்கற யூனிட்டுக்கும் சேர்த்து ரேட் ஏறிடும். அதனால போன ரீடிங் கார்டுல எவ்வளவுன்னு பார்த்து வச்சுக்கிட்டு, அம்பது நாள் ஆனதும் நீங்களே மீட்டர்ல போய் பாருங்க, 440, 450 ஓடியிருந்தா கடைசி பத்து நாள் ஏ.சி.யையும் ஹீட்டரையும் கொஞ்சம் அடக்கி வாசிங்க. ரீடிங் எடுக்க வர்றவர் லேட்டா வந்தாலும் தேதியைக் குறிச்சு வைங்க, அப்புறம் ஆபீஸ்ல கேக்கறதுக்கு உதவும்.