இந்தக் காலத்தில் பழைய ஆட்டோஃபோகஸ் ஃபிலிம் கேமரா வாங்குவது வீண் செலவா?

வாங்க வேண்டும் என்று நீங்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டீர்கள், வீட்டில்தான் யாரோ வேண்டாம் என்கிறார்கள் என்று நினைக்கிறேன். வாங்குங்கள். தினமும் தோளில் மாட்டிக்கொண்டு போய்ப் படம் எடுக்கத் தானாகவே ஃபோகஸ் செய்துகொள்ளும் தொண்ணூறுகளின் ஆட்டோஃபோகஸ் கேமராவுக்கு மிஞ்சியது இல்லை.

ஃபிலிம் என்றால் உலோக உடம்பும் கையால் திருகும் லென்ஸும்தான், மற்றதெல்லாம் பிளாஸ்டிக் பொம்மை என்று சொல்பவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. வெள்ளெழுத்து வந்தவர்களிடம் இதைச் சொல்லிப் பார்க்கட்டும். கண்ணாடி போட்டால் லென்ஸ் மேல் உள்ள எண்கள் தெரியும், எதிரே நிற்பவர் மங்கிவிடுவார். கழற்றினால் அவர் தெரிவார், எண்கள் மறைந்துவிடும். இந்தப் போராட்டத்தில் நான் படம் எடுப்பதையே விட்டிருந்தேன். என்னைத் திரும்ப எடுக்க வைத்தது, பழைய பொருள் விற்பவர் ஒருவரிடம் வாங்கிய கேனான் இஓஎஸ் 300. 1999இல் வந்த மாடல். கூடவே 1990இல் வந்த 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ். அதன் எடை 130 கிராம்தான்.

நான் கடலூர்க்காரன். விடியற்காலையில் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலம் நடக்கும்போது ஒருவரும் நமக்காக நிற்க மாட்டார்கள். கூடை இறங்கும், விலை ஏறும், அடுத்த நொடியில் கூடை கைமாறிவிடும். கேமராவுக்குள் பார்க்கும்போது நடுவில் தெரியும் ஃபோகஸ் புள்ளியை மட்டும் வைத்துக்கொள்வேன். அதை ஏலம் கேட்கும் அம்மாவின் புடவைக் கரையில் வைத்துப் பொத்தானைப் பாதி அழுத்தினால் லென்ஸ் ‘கிர்’ரென்று ஓடி நிற்கும். அப்படியே விரலை எடுக்காமல் கேமராவைச் சற்று நகர்த்தி மீதியை அழுத்த வேண்டும். வெறும் வெள்ளைச் சுவரில் புள்ளியை வைத்தால் லென்ஸ் முன்னும் பின்னும் அலையும், ஏனென்றால் அது பிடித்துக்கொள்ள ஒரு கோடோ விளிம்போ வேண்டும். கரை போட்ட புடவையும் கட்டம் போட்ட லுங்கியும் உள்ள ஊரில் அதற்குக் குறைவில்லை.

இந்த மாடலில் இன்னொரு நல்ல ஏற்பாடு உண்டு. ரோலைப் போட்டதும் கேமரா முழு ஃபிலிமையும் டப்பாவிலிருந்து வெளியே இழுத்துச் சுற்றிக்கொள்ளும். பிறகு எடுக்க எடுக்க ஒவ்வொரு படமாக டப்பாவுக்குள் திரும்பிப் போகும். என் அக்காவின் பேரன் உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க, பாதி ரோலில் பின்கதவைத் திறந்துவிட்டான். உடனே மூடி, ரீவைண்ட் பொத்தானை அழுத்தி வெளியே எடுத்தேன். எடுக்காத பகுதிதான் வெளிச்சம் பட்டு வீணானது. எடுத்து முடித்த படங்கள் டப்பாவுக்குள் இருந்ததால் தப்பித்தன. பொம்மை என்பவர்களின் உலோகக் கேமராக்களில் இப்படித் திறந்திருந்தால் எடுத்து முடித்த படங்களில்தான் முதலில் வெளிச்சம் பட்டிருக்கும்.

கேட்ட கேள்விக்கு இது சம்பந்தமில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். அந்த அக்காவின் கல்யாணத்தை எடுத்த ஸ்டுடியோக்காரர்கள், நாங்கள் முழுப் பணம் கொடுத்தும் நெகட்டிவைத் தரவில்லை. அது தங்கள் சொத்து என்றார்கள். 2015 வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து ஆல்பத்தின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. போய்க் கேட்டால், கடை மாற்றியபோது எல்லாவற்றையும் கழித்துவிட்டோம் என்று சாதாரணமாகச் சொன்னார்கள். எங்கள் அப்பா சிரித்தபடி இருந்த ஒரே படம் அதில்தான் இருந்தது. இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

செலவை மறைக்கவில்லை. ஒரு கலர் ரோல், கழுவல், ஸ்கேன் எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். செல்போனில் எடுப்பதையும் குறை சொல்லவில்லை, நானும் எடுக்கிறேன். ஆனால் கேமராவும் லென்ஸும் புது லென்ஸ் ஒன்றின் விலையை விட மிகக் குறைவு. அந்த லென்ஸ் கேனானின் லென்ஸ் மாற்றும் டிஜிட்டல் எஸ்எல்ஆர் கேமராக்களிலும் அப்படியே பொருந்தும். 1987இல் கொண்டுவந்த அதே இஎஃப் மவுண்ட்தான், அதாவது லென்ஸ் மாட்டும் வளையம்.

வாங்கும்போது லென்ஸுக்குள் செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். நம் கடற்கரை ஈரத்தில் சிலந்தி வலைபோல் பூஞ்சை படர்ந்திருந்தால் வேண்டாம். பின்கதவைத் திறந்து ஃபிலிமுக்கு முன்னால் திறந்து மூடும் ஷட்டர் இதழ்களில் கறுப்பாகப் பிசுபிசுப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தக் காலத்து இஓஎஸ் சிலவற்றில் உள்ளே இருக்கும் ரப்பர் உருகி ஒட்டிக்கொள்ளும். பேட்டரி இரண்டு சிஆர்2. எங்கள் ஊர்க் கடைகளில் கேட்டு அலைந்ததில் கிடைக்கவில்லை, ஆன்லைனில் கூடுதலாக ஒரு ஜோடி வாங்கி வையுங்கள். கழுவ அனுப்பும்போது நெகட்டிவ் திரும்ப வேண்டும் என்று உறையின் மேலேயே எழுதுங்கள். ஸ்கேனை மட்டும் அனுப்பிவிட்டு மற்றதைத் தூக்கிப் போடும் கடைகள் இன்றும் இருக்கின்றன.