இரண்டு கற்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் ஆற்றங்கரையில் இரண்டு கற்களைப் பொறுக்கி வந்தாள். ஒன்று முழுக்கக் கருப்பு, உள்ளே மணி (பொடிப்படிகம்) எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. மற்றது இளஞ்சிவப்பும் சாம்பலும் கலந்து மினுங்குவது. இரண்டுமே தீப்பாறை, அதாவது உருகிய குழம்பு ஆறி இறுகிய கல், என்கிறாள். கருப்பு பசால்ட்டாம், மற்றது பூமிக்குள் ஆறிய கிரானைட்டாம். ஒற்றுமையே இல்லாத இரண்டும் எப்படி ஒரே இனமாகும்? பூமிக்குள் கிரானைட் உருவானதை யார் போய்ப் பார்த்தார்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் மகள் சொல்வது சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். யார் பார்த்தார்கள் என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். கிரானைட் ஆதிக்கடலில் கரைந்திருந்து படிந்த கல் என்றுதான் பதினெட்டாம் நூற்றாண்டில் பலரும் நம்பினார்கள். ஸ்காட்லாந்து நிலவியலாளர் ஜேம்ஸ் ஹட்டன் நம்பவில்லை. 1785இல் ஸ்காட்லாந்தின் கிளென் டில்ட் பள்ளத்தாக்கில், ஆற்றோரப் பாறையில் தனக்கு வேண்டிய சாட்சியைக் கண்டார். கருத்த பழைய பாறையின் விரிசல்களுக்குள் சிவந்த கிரானைட் வேர்விட்டதுபோல ஓடியிருந்தது. கரும்பாறையின் உடைந்த சில்லுகள் கிரானைட்டுக்குள் சிக்கிக் கிடந்தன. விரிசலுக்குள் புகுந்து ஓடியது என்றால் அது ஒருகாலத்தில் குழம்பாக இருந்திருக்கத்தானே வேண்டும்? அவருடைய குதூகலத்தைப் பார்த்த வழிகாட்டிகள், வெள்ளியோ தங்கமோ அகப்பட்டுவிட்டது என்றே நினைத்தார்களாம். எனக்கு மிகப் பிடித்த காட்சி இது.

அவருடைய நண்பர் ஜேம்ஸ் ஹால் இதை உலையில் சோதித்தார். பசால்ட் வகைக் கல்லை உருக்கிச் சட்டென்று ஆறவிட்டபோது கண்ணாடி கிடைத்தது. மறுபடி உருக்கி மெல்ல மெல்ல ஆறவிட்டபோது படிகம் கட்டி, கல்லாகவே திரும்பி வந்தது. 1798இல் இதை அறிவித்தார்.

உங்கள் முதல் கேள்விக்கு விடையும் அந்த உலைக்குள்தான் இருக்கிறது. குழம்பு ஆறும்போது அணுக்கள் இடம்தேடி அடுக்கடுக்காகச் சேர்ந்து படிகமாகின்றன. நேரம் கிடைத்தால் மணி பெரிதாக வளரும், கிடைக்காவிட்டால் பொடியாக நின்றுவிடும். கிரானைட் பல கிலோமீட்டர் ஆழத்தில், மேலிருக்கும் பாறை சூட்டைப் பொத்திவைக்க, ஆயிரம் ஆயிரம் ஆண்டுகளாக ஆறியது. பசால்ட் 1,100 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் தரைக்கு வந்து காற்றிலோ நீரிலோ இறுகியது. அதிலும் ஆழம் இருந்தால் அவசரமில்லை: 1959இல் ஹவாயின் கிலவேயா இக்கியில் தேங்கிய லாவா ஏரி, நூறு மீட்டருக்கு மேல் ஆழமானது, முழுதும் இறுக முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். நம் காலடியில் குழம்புக்கடல் இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. மேலோட்டுக்குக் கீழே இருக்கும் மூடகம் பெரும்பாலும் திடப்பாறை. அழுத்தம் அதை உருகவிடுவதில்லை. அது மேலெழுந்து அழுத்தம் குறைந்தாலோ, நீர் சேர்ந்து உருகுநிலை தாழ்ந்தாலோதான் அங்கங்கே கொஞ்சம் உருகுகிறது.

இனி உங்கள் கற்கள். கல்லின் தோலை நம்ப வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். வெயிலும் மழையும் பல கற்களை ஒரே பழுப்பாக்கிவிடும். துணியில் சுற்றி, கண்ணுக்குக் காப்பு போட்டுக்கொண்டு, சுத்தியலால் ஒரு முனையைத் தட்டி எடுங்கள். புதிதாக உடைந்த முகத்தை வெயிலில் திருப்பித் திருப்பி, பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பாருங்கள். சிவந்த கல்லில் தட்டையான முகம் பளிச்சென்று மின்னி மறைந்தால் அது ஃபெல்ட்ஸ்பார். உடைந்த கண்ணாடிபோல, தட்டை முகமே இல்லாத சாம்பல் மணி குவார்ட்ஸ். ஊசி முனையில் ஏடு ஏடாக உரியும் கருப்பு பயோடைட் மைக்கா. இம்மூன்றும் இடைவெளியே இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொண்டிருக்கிறதா என்பதே முக்கியம். மணற்கல்லில் மணிகளை ஏதோ பசை ஒட்டிவைத்திருக்கும். பல கற்களில் தேய்த்தாலே மணல் உதிரும். கருப்பும் வெளுப்பும் பட்டை பட்டையாகப் பிரிந்து ஓடினால் அது நைஸ் என்னும் உருமாறிய பாறையாக இருக்கலாம். கைக்கல் ஒன்றை மட்டும் வைத்து இதில் தீர்ப்புச் சொல்ல அனுபவசாலிகளும் தயங்குவார்கள்.

கருப்புக் கல்லைக் கத்தியால் கீறி, வரும் பொடியில் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக்கல். நுரைக்காமல், கத்திக்கும் எளிதில் மசியாமல், அதே அளவுள்ள கிரானைட்டைவிடச் சற்றுக் கனத்து, காந்தம் லேசாக இழுத்தால் பசால்ட் என்று நினைக்கலாம். வாயு வெளியேறிய சிறு துளைகளும் இருந்தால் நம்பிக்கை கூடும். உலோகம் உருக்கும் உலையில் மிஞ்சும் கசடிலும் இப்படித் துளைகள் உண்டு, ஆனால் அதன் உடைந்த முகம் பெரும்பாலும் கண்ணாடிபோல இருக்கும்.

நிறத்தை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். கிரானைட்டில் சிலிக்கா (குவார்ட்ஸ் ஆன பொருள்) ஏறத்தாழ 70 சதவீதம், பசால்ட்டில் 50. வெளிர்ப்பும் கருப்பும் பெரும்பாலும் இதனால் வருபவை. ‘கருப்பு கிரானைட்’ என்ற பெயரில் விற்கும் பலகைகளில் பல உண்மையில் கேப்ரோ அல்லது டோலரைட். பசால்ட்டின் உடன்பிறப்புகள், உள்ளே இருந்து நிதானமாக ஆறியவை.

அடுத்த முறை ஆற்றங்கரையில், மணி தெரியாத கருப்புக் கல்லுக்குள் நகத்தளவு வெண்படிகங்கள் பதிந்த கல் கிடைக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆழத்தில் பொறுமையாகப் படிகம் கட்டத் தொடங்கிய குழம்பு, பாதியில் மேலே வந்து சட்டென்று உறைந்தால் அப்படி ஆகும். கிடைத்தால் படம் எடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்.