மார்ஷ்மெல்லோ முதல் ‘புலி வருது’ வரை: பிள்ளை வளர்ப்பு ஆய்வுகள் பற்றிய கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, “இப்படி ஒரு ஆராய்ச்சி சொல்கிறதாமே, உண்மையா?” என்ற வகை. வாட்ஸ்அப்பில் வந்தது, பள்ளிக் கூட்டத்தில் கேட்டது, அக்கம்பக்கத்தில் சொன்னது. கேள்விகள் எல்லாமே குழந்தை என்ன செய்கிறது என்பதைப் பற்றியவை. ஆனால் அந்த ஆய்வுகளை எடுத்துப் படித்தால், பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்பதிலும் பாதி விஷயம் இருக்கிறது. அதனால் பதில்கள் கொஞ்சம் உங்கள் பக்கமும் திரும்பும்.

“தட்டில் மிட்டாயை வைத்துவிட்டு, பொறுமையாக உட்காரும் குழந்தைதான் பிற்காலத்தில் ஜெயிக்கும் என்று பெற்றோர் கூட்டத்தில் வீடியோ போட்டார்கள். வீட்டில் செய்து பார்த்தேன். நான்கு வயது மகள் ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை, எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். கவலையாக இருக்கிறது.” – ஒரு தாய், மதுரை

கவலையை விடுங்கள். வீடியோவில் வந்தது உளவியலாளர் வால்டர் மிஷெல் 1960களின் கடைசியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள பிங் மழலையர் பள்ளியில் தொடங்கிய ‘மார்ஷ்மெல்லோ’ (பஞ்சு போன்ற ஒரு மிட்டாய்) சோதனை. இப்போதே ஒன்று சாப்பிடலாம், அல்லது நான் திரும்பி வரும் வரை காத்திருந்தால் இரண்டு கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வெளியே போவார். அதிகநேரம் காத்திருந்த பிள்ளைகள் பின்னாளில் கல்லூரி நுழைவுத் தேர்வில் அதிக மதிப்பெண் எடுத்ததாக 1990-ல் வந்த தொடராய்வு சொன்னதுதான் உலகமெங்கும் பரவியது. ஆனால் அந்தக் கணக்கு மிகச் சிறிய குழுவை வைத்துப் போட்டது. பிள்ளைகளும் பெரும்பாலும் அந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களின் பிள்ளைகள்.

2018-ல் டைலர் வாட்ஸ், கிரெக் டங்கன், ஹாவோனான் க்வான் ஆகிய மூவரும் 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தகவல்களை வைத்து இதைத் திரும்பப் பார்த்தார்கள். தொடர்பு இருந்தது, ஆனால் பழைய அளவில் பாதிதான். குடும்பச் சூழல், குழந்தையின் ஆரம்ப அறிவுத்திறன், வீட்டுச் சூழ்நிலை இவற்றையெல்லாம் கணக்கில் சேர்த்ததும் அந்தப் பாதியிலும் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியது. ஒரு மிட்டாயை வைத்து ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைச் சொல்ல முடியாது.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது 2013-ல் செலஸ்ட் கிட் குழுவினர் செய்தது. மிட்டாய்க்கு முன்பே குழந்தைகளை ஒரு படம் வரையும் மேஜையில் உட்கார வைத்தார்கள். பழைய, தேய்ந்த கிரேயான்கள். “கொஞ்சம் பொறு, நல்ல கிரேயான் கொண்டுவருகிறேன்” என்று ஆய்வாளர் போனார். பாதிப் பிள்ளைகளுக்குச் சொன்னபடி கொண்டுவந்தார். மீதிப் பிள்ளைகளிடம் வெறுங்கையோடு வந்து, “மன்னிச்சுக்கோ, இல்லையாம்” என்றார். ஸ்டிக்கரிலும் இதே கதை. அப்புறம்தான் மார்ஷ்மெல்லோ. வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் 3 நிமிடம். மொத்தம் 28 பிள்ளைகள்தான், சிறிய ஆய்வு. ஆனாலும் வித்தியாசம் அவ்வளவு பெரிது. இரண்டு முறை ஏமாந்த குழந்தை, கையில் இருப்பதைச் சாப்பிட்டுவிடுவது நியாயமான முடிவு. அதைப் பொறுமையின்மை என்று எப்படிச் சொல்வது?

மகளைச் சோதிப்பதை நிறுத்திவிட்டு, “சாயங்காலம் பார்க் போகலாம்” என்று சொன்னால் போய்விடுங்கள். முடியாது என்று தெரிந்தால் சொல்லாதீர்கள். அதோடு, மிஷெலே கண்ட ஒரு எளிய விஷயம்: மிட்டாய் கண்ணில் படாதபடி மறைத்துவிட்டால் குழந்தைகள் வெகுநேரம் காத்திருந்தார்கள். மேஜையில் லட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு மனக்கட்டுப்பாட்டை எதிர்பார்க்க வேண்டாம்.

“பிறந்தநாள் விழாவில் கேக், சாக்லேட் சாப்பிட்டுவிட்டால் மகனுடைய ஆட்டம் தாங்க முடியவில்லை. சர்க்கரைதானே காரணம்?” – வாசகர், சென்னை

இல்லை. பெற்றோர் நம்ப மறுக்கும் பதில்களில் இதுவும் ஒன்று. குழந்தைக்கும் பெற்றோருக்கும் ஆய்வாளருக்கும் எது சர்க்கரை, எது போலி இனிப்பு என்று தெரியாமல் நடத்திய சோதனைகளைத் திரட்டி 1995-ல் மார்க் வோல்ரைக் குழு ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டது. சர்க்கரை குழந்தைகளின் நடத்தையை மாற்றியதாகத் தெரியவில்லை.

அதற்கு முந்தைய வருடம் ஹூவர், மிலிக் இருவரும் செய்த ஆய்வு இன்னும் சுவையானது. “என் பையனுக்குச் சர்க்கரை ஒத்துக்கொள்ளாது” என்று சொன்ன அம்மாக்களையும், 5 முதல் 7 வயதுள்ள அவர்களுடைய மகன்களையும் அழைத்தார்கள். பையன்கள் எல்லோருக்கும் கொடுத்தது சர்க்கரையே இல்லாத பானம். ஆனால் பாதி அம்மாக்களிடம், “நிறைய சர்க்கரை கொடுத்திருக்கிறோம்” என்றார்கள். அந்த அம்மாக்கள் மகனைத் துறுதுறுப்பு அதிகம் என்று மதிப்பிட்டார்கள். மகனை விட்டு நகராமல் அருகிலேயே இருந்தார்கள், அதிகமாகக் குறை சொன்னார்கள். பையன் குடித்ததில் எந்த வித்தியாசமும் இல்லை. அம்மாவின் எதிர்பார்ப்புதான் வேறு.

பிறந்தநாள் வீட்டில் இருபது பிள்ளைகள், பலூன், பாட்டுச் சத்தம், தூங்கும் நேரமும் தாண்டிவிட்டது. ஆட்டத்துக்கு இவை போதும். பல்லுக்காகவும் உடம்புக்காகவும் இனிப்பைக் குறையுங்கள், அது நல்லதுதான்.

“மூன்றரை வயது மகன் செல்போன் இருந்தால்தான் சாப்பிடுகிறான். கொடுக்காவிட்டால் தரையில் புரண்டு அழுகிறான். நான் உறுதியாக இருந்தாலும், ‘குழந்தை ஏங்கிப் போயிடும்’ என்று மாமியார் கொடுத்துவிடுகிறார். இதற்கு ஆராய்ச்சியில் வழி உண்டா?” – ஒரு தாய், கோயம்புத்தூர்

உண்டு, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் ஜெரால்டு பேட்டர்சன் என்ற உளவியலாளர் குடும்பங்களின் வீடுகளுக்கே ஆட்களை அனுப்பி, யார் என்ன செய்தார்கள், உடனே அடுத்தவர் என்ன செய்தார் என்று வரிசையாகக் குறிக்க வைத்தார். பல வருட உழைப்பு. அதில் ஒரு சங்கிலி திரும்பத் திரும்ப வந்தது. அம்மா ஒன்று சொல்கிறாள், குழந்தை அழுகிறது. அம்மா குரலை உயர்த்துகிறாள், குழந்தை இன்னும் ஓங்கி அழுகிறது. அம்மா விட்டுக்கொடுக்கிறாள். அழுகை சட்டென்று நிற்கிறது.

அந்த நொடியில் இரண்டு பேர் பாடம் கற்கிறார்கள். ஓங்கி அழுதால் கிடைக்கும் என்று குழந்தை. கொடுத்துவிட்டால் நிம்மதி என்று பெரியவர். இரண்டாவது பாடத்தை நாம் கவனிப்பதில்லை. உங்கள் மாமியார் கெட்ட எண்ணத்தில் போனைக் கொடுக்கவில்லை. அழுகை நிற்பது அவருக்கும் பரிசாக இருக்கிறது, அவ்வளவுதான். “நீங்கள்தான் கெடுக்கிறீர்கள்” என்று சண்டை போட்டால் இந்தச் சங்கிலி அறுபடாது.

இன்னொன்று: பத்து முறை மறுத்துப் பதினோராவது முறை கொடுப்பது, எப்போதும் கொடுப்பதைவிட மோசம். எத்தனையாவது அழுகையில் கிடைக்கும் என்று தெரியாதபோது அடம் பல மடங்கு நீளும். அடமும் அழுகையும் இந்த வயதுக்குரியவை, ஆனால் அவற்றை நீட்டிக்கவிடுவது நம் கையில் இருக்கிறது.

செய்ய வேண்டியது இது. சாப்பாட்டு நேரத்தில் பேசாமல், குழந்தை தூங்கிய பிறகு அத்தையோடு உட்கார்ந்து பேசுங்கள். மூன்று வேளையையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம், இரவுச் சாப்பாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வேளையில் போன் எல்லோருடையதும் வேறு அறையில், உங்களுடையதும் உங்கள் கணவருடையதும் சேர்த்து. போனுக்குப் பதிலாக அத்தையையே முன்னால் நிறுத்துங்கள். நிலாவைக் காட்டிக் கதை சொல்லி ஊட்டுவது அவருக்குக் கைவந்த கலையாக இருக்கும். முதல் சில நாட்கள் அழுகை குறையாது, கூடும். இது எதிர்பார்த்ததுதான், முறை தோற்றுவிட்டது என்று நினைத்து அங்கே நிறுத்திவிடாதீர்கள். காய்ச்சல் அடிக்கும்போதோ வீட்டில் விருந்தாளிகள் இருக்கும்போதோ தொடங்காதீர்கள்.

அவன் நான்கு வாய் சாப்பிட்டாலும் அதைச் சொல்லிப் பாராட்டுங்கள். “குட் பாய்” போதாது. “ரசம் சாதத்தை நீயே பிசைஞ்சு சாப்பிட்டியே” என்று செய்ததைச் சொல்லுங்கள். ஒரு வேளை குறைவாகச் சாப்பிட்டால் ஆரோக்கியமான குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. எடை கூடாமல் இருந்தாலோ, பேச்சு தாமதமாக இருந்தாலோ, தலையை இடித்துக்கொண்டு அழுதாலோ குழந்தைகள் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். 2 முதல் 4 வயது வரை திரை நேரம் நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. சாப்பாட்டிலேயே அது தீர்ந்துவிடும்.

“அடியாத மாடு படியாது என்பார்கள். நாங்கள் அடி வாங்கித்தான் ஒழுங்காக வளர்ந்தோம். இப்போது மட்டும் அடிக்கக் கூடாது என்பது வெளிநாட்டுப் பேச்சு இல்லையா?” – ஒரு தந்தை, திருநெல்வேலி

அடிக்கக் கூடாது என்பது நம் சட்டத்திலும் இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பள்ளியில் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. வீட்டிலும் அடிக்கக் கூடாது என்று முதன்முதலில் சட்டம் போட்ட நாடு சுவீடன், 1979-ல்.

ஆய்வுக்கு வருவோம். எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ குரோகன்-கேலர் இருவரும் 2016-ல் 75 ஆய்வுகளைத் திரட்டினார்கள், அதில் 1,60,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள். அவர்கள் எடுத்துக்கொண்டது எலும்பை முறிக்கும் அடி இல்லை, பின்புறத்திலோ கை காலிலோ வெறுங்கையால் அடிப்பது. பார்த்த 17 விளைவுகளில் 13-ல் தொடர்பு தெளிவாகத் தெரிந்தது, பதின்மூன்றும் கெட்ட பக்கமே: மூர்க்கம், மனநலச் சிக்கல், பெற்றோருடன் விலகல் என்று.

நீங்கள் கேட்கக்கூடிய கேள்வி எனக்குத் தெரியும். சேட்டை அதிகமான பிள்ளைதானே அதிகம் அடி வாங்கும், அப்படியானால் எது காரணம், எது விளைவு? நியாயமான கேள்வி. அதற்காகத்தான் ஒரே பிள்ளைகளைப் பல வருடம் தொடர்ந்து, முதலில் இருந்த சேட்டையையும் கணக்கில் எடுத்துச் செய்த ஆய்வுகள் இருக்கின்றன. அவற்றில் தொடர்பு குறைகிறது, ஆனால் மறையவில்லை. சராசரியில் இது பெரிய அளவு இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு நாள் கை நீட்டியதால் பிள்ளையின் வாழ்க்கை போய்விட்டது என்று யாரும் இரவு முழுக்க விழித்திருக்க வேண்டாம். ஆனால் அடியால் நன்மை விளைந்தது என்று அந்தக் குவியலில் எதுவும் இல்லை. பயனே இல்லாத, தீங்கு செய்யக்கூடிய ஒரு மருந்தைப் பிள்ளைக்குத் தருவீர்களா?

நீங்கள் நன்றாக வளர்ந்ததற்கு அடி மட்டுமா காரணம்? உங்களுக்காகப் பரிந்து பேசிய பாட்டி, அம்மாவின் உழைப்பு, ஒரு நல்ல வாத்தியார், இவர்களையும் கணக்கில் சேருங்கள்.

“மகன் புத்தகம் படிக்கப் பக்கத்துக்கு 5 ரூபாய் தருகிறேன். மாமா திட்டுகிறார். சரியா, தவறா?” – வாசகி, சேலம்

அவனுக்கு ஏற்கனவே படிக்கப் பிடிக்குமா என்பதைப் பொறுத்தது. லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் 1973-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது (அதே பிங் மழலையர் பள்ளிதான்). ஸ்கெட்ச் பேனாவில் வரைய ஆசைப்படும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். சிலரிடம், “வரைந்தால் ரிப்பன் ஒட்டிய சான்றிதழ் கிடைக்கும்” என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்கு வரைந்த பிறகு எதிர்பாராமல் கொடுத்தார்கள். சிலருக்கு எதுவும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து, வகுப்பில் பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுப் பார்த்தபோது, பரிசுக்காக வரைந்தவர்கள் மற்றவர்களைவிடப் பாதி நேரம்தான் அவற்றைத் தொட்டார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு ஆசை குறையவில்லை.

அதனால், அவனாகவே புத்தகம் எடுக்கிற பையன் என்றால் காசை நிறுத்துங்கள். புத்தகமே தொடாதவன் என்றால் தொடக்கத்துக்கு ஒரு தூண்டுதல் தப்பில்லை, ஆனால் பக்கக் கணக்கு வேண்டாம். பக்கத்துக்குக் காசு என்றால் பக்கத்தைத்தான் புரட்டுவான். ஒரு புத்தகம் முடிந்ததும் அடுத்ததை வாங்க அவனையே கடைக்குக் கூட்டிப்போங்கள்.

“மூத்த பிள்ளை பொறுப்பு, கடைக்குட்டி செல்லம் என்பது அறிவியலா?” – வாசகர், ஈரோடு

குணத்தைப் பொறுத்தவரை இல்லை. அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனியைச் சேர்ந்த 20,000-க்கும் மேற்பட்டவர்களின் தகவல்களை வைத்து 2015-ல் வந்த ஆய்வில் பிறந்த வரிசைக்கும் குணத்துக்கும் குறிப்பிடும்படி தொடர்பு இல்லை. மூத்தவர் எப்போதும் தம்பி தங்கையைவிட வயதில் பெரியவராகவே இருப்பதால் பொறுப்பானவராகத் தெரிகிறார்.

“ஆறு வயது மகள் பூந்தொட்டியை உடைத்துவிட்டு ‘தம்பி உடைச்சான்’ என்கிறாள். ‘புலி வருது’ கதை எத்தனை முறை சொல்லியும் பலனில்லை. அரிச்சந்திரன் கதை சொல்லலாமா?” – ஒரு தாய், தஞ்சாவூர்

முதலில், இந்த வயதில் பொய் வருவது வளர்ச்சியின் ஒரு பகுதி. எனக்குத் தெரிந்தது அம்மாவுக்குத் தெரியாது என்று புரிந்த பிள்ளையால்தான் பொய் சொல்ல முடியும்.

கதை விஷயத்துக்கு நேரடியான ஆய்வே இருக்கிறது. காங் லீ, விக்டோரியா தல்வார் குழு 2014-ல் வெளியிட்டது. 3 முதல் 7 வயதுப் பிள்ளைகள் முதுகைத் திருப்பி உட்கார்ந்து, சத்தத்தை வைத்துப் பொம்மை எது என்று சொல்ல வேண்டும். நடுவில் ஆய்வாளர், “திரும்பிப் பார்க்காதே” என்று சொல்லிவிட்டு வெளியே போவார். பெரும்பாலானவர்கள் பார்த்துவிடுவார்கள். அவர் திரும்பி வந்து ஒரு கதை படிப்பார், பிறகு, “பார்த்தாயா?” என்று கேட்பார். பொய் சொன்னவனின் மூக்கு நீண்ட பினோக்கியோ கதையும், நம் ‘புலி வருது’ போன்ற ஓநாய்க் கதையும் பலன் தரவில்லை. சிறுவன் ஜார்ஜ் வாஷிங்டன் மரத்தை வெட்டியதை ஒத்துக்கொள்ள, அப்பா அவனைப் பாராட்டும் கதையைக் கேட்டவர்கள்தான் அதிகமாக உண்மை சொன்னார்கள். அதே கதையை, பொய் சொல்லித் தண்டனை பெறுவதாக மாற்றியபோது பலன் போய்விட்டது.

தல்வாரும் லீயும் 2011-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகளை ஒப்பிட்டும் பார்த்தார்கள். கடுமையாக அடித்துத் தண்டிக்கும் பள்ளியின் சின்னப் பிள்ளைகள் அதிகமாகப் பொய் சொன்னார்கள், பிடிபடாமல் சமாளிக்கவும் தேறியிருந்தார்கள். திருநெல்வேலித் தந்தையும் இதைப் படிக்க வேண்டும்.

தொட்டியை யார் உடைத்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்போது, “யார் உடைச்சது?” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விதான் பொய்யை வரவழைக்கிறது. “தொட்டி உடைஞ்சு போச்சு. வா, ரெண்டு பேரும் மண்ணை அள்ளிச் செடியை வேற தொட்டியில வைப்போம்” என்று தொடங்குங்கள். அவளாக ஒத்துக்கொண்டால், முதலில் அதற்கு ஒரு பாராட்டு. தொட்டியைப் பற்றி அப்புறம் பேசலாம்.

அரிச்சந்திரன் கதை சொல்லலாம், ஆனால் ஒரே மூச்சில் கடைசி வரை சொல்லுங்கள். நாட்டையும் மனைவியையும் மகனையும் இழக்கும் இடத்தில் நிறுத்தி, “மீதி நாளைக்கு” என்றால், உண்மை சொன்னால் எல்லாம் போய்விடும் என்றுதான் ஆறு வயதுக்குத் தோன்றும். அதைவிட, நீங்கள் சின்ன வயதில் எதையோ உடைத்துவிட்டு உங்கள் அம்மாவிடம் போய்ச் சொன்ன நாள் ஒன்று இருந்தால், அவர் அதற்காகக் கோபப்படாமலும் இருந்திருந்தால், இன்று ராத்திரி அந்தக் கதையைச் சொல்லுங்கள்.