சாய்ந்து விழுந்த வால்நட் மரத்தில் செயின் ரம்பம் சிக்கினால்

விழுந்து கிடக்கும் வால்நட் மரத்தை அறுக்கும்போது செயின் ரம்பம் சிக்கிக்கொள்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு மட்டும் அறுங்கள். மிச்சத்தைக் கீழிருந்து மேல்நோக்கி அறுத்து முதல் வெட்டோடு சேருங்கள். மரத்தின் இரு முனையும் மேட்டில் தங்கி, நடு அந்தரத்தில் நிற்கிறது என்கிறீர்கள். எடை நடுவைக் கீழே இழுப்பதால் மேல்பக்கம் நெருங்கி, ரம்பத்தின் பாரை, அதாவது செயின் சுற்றி ஓடும் நீளத் தகட்டைக் கவ்விக்கொள்கிறது. செயினை மாற்றிப் பயனில்லை.

இரண்டு அங்குலம் அறுத்ததும் நிறுத்தி வெட்டின் வாயைப் பாருங்கள். குறுகினால் அந்தப் பக்கம்தான் அழுத்தம், மறுபக்கம் போங்கள். ஒரு முனை மட்டும் தங்கியிருந்தால் முறை தலைகீழ்: முதலில் கீழே, பிறகு மேலே. கீழிருந்து அறுக்கும்போது ரம்பம் உங்களை நோக்கித் தள்ளும், பிடி தளரக் கூடாது. ஆப்பு வைப்பதானால் பிளாஸ்டிக். இரும்பில் பட்டால் செயின் பல் போய்விடும்.

வேரோடு பெயர்ந்த மரம் என்றால் கவனம். வேரை ஒட்டிய வெட்டு முடிந்ததும் வேர்க்கட்டி சட்டென நிமிர்ந்து பள்ளத்துக்குள் திரும்பலாம். அந்தப் பக்கம் யாரும் நிற்கக் கூடாது.

அமெரிக்கக் கருப்பு வால்நட் என்றால், நேரான எட்டடி அடிமரத்தை விறகாக்குமுன் மரவாடியில் விலை கேளுங்கள். கிளைகளே விறகுக்குப் போதும். பிளந்து ஓராண்டு உலர்த்தி, ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ் வந்ததும் எரியுங்கள். அதன் தூளைக் குதிரைக் கொட்டிலில் பரப்பாதீர்கள், குளம்பு வீங்கி நொண்டும். தக்காளிப் பாத்திக்கும் ஆகாது.