பனித்தளக் கேள்வி பதில்: பட்டியலில் முதலிடம், கிண்ணத்துக்கு எத்தனையாம் இடம்?

வட அமெரிக்க ஐஸ் ஹொக்கி லீக்கின் (NHL) 2024-25 சீசன் ஏப்ரல் 17ஆம் திகதி வியாழக்கிழமையோடு முடிந்தது. சனிக்கிழமை, ஏப்ரல் 19, 2025ஆம் ஆண்டின் பிளேஓஃப் தொடங்குகிறது, அதாவது முதலில் நான்கு ஆட்டம் வெல்லும் அணி அடுத்த சுற்றுக்குப் போகும், ஸ்டான்லி கிண்ணத்துக்கான தொடர்கள். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ரொறொன்ரோ மேப்பிள் லீஃப்ஸைப் பற்றியவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அண்ணா, நான் கனடா வந்து இரண்டு வருடம்தான். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். 82 ஆட்டம் விளையாடி முதலிடம் பிடித்த அணிதானே பலமான அணி? கிண்ணம் யாருக்கு என்று ஏன் இவ்வளவு வாக்குவாதம்?
*வாசகர், ஸ்காபரோ*

தம்பி, 32 அணிகளிலிருந்து 16 அணிகளைப் பிரித்தெடுக்க அந்தப் பட்டியல் நன்றாகவே உதவும். அந்த 16க்குள் யார் யாரை வெல்வார் என்பதற்குத்தான் அது போதாது.

2018-19 சீசனில் டம்பா பே 62 ஆட்டம் வென்று 128 புள்ளி எடுத்தது. முதல் சுற்றில், லீக்கின் கிழக்குப் பாதியில் கடைசி அணியாக உள்ளே வந்த கொலம்பஸைச் சந்தித்தது. முதல் ஆட்டத்தில் 3-0 என்று முன்னுக்கு நின்றார்கள். அந்த ஆட்டத்தை 4-3 என்று தோற்றார்கள், அப்புறம் தொடரையே 4-0 என்று தோற்றார்கள். 2022-23இல் பொஸ்டன் 65 வெற்றி, 135 புள்ளி எடுத்தது. லீக்கின் வரலாற்றில் அதற்கு மேல் எந்த அணியும் எடுத்ததில்லை. முதல் சுற்றில் 92 புள்ளி எடுத்த புளோரிடா எதிரில் வந்தது. தொடரில் 3-1 என்று முந்தியிருந்த பொஸ்டன், ஏழாவது ஆட்டத்தின் கடைசி நிமிடம் வரை 3-2 என்று முன்னிலையில் இருந்தது. புளோரிடாவின் பிரண்டன் மொன்டூர் சமன் செய்தார், ஓவர்டைம் என்ற கூடுதல் நேரத்தில் கார்ட்டர் வெர்ஹேகி அடித்தார், பொஸ்டன் வீட்டுக்குப் போனது. சீசனில் முதலிடம் எடுத்த அணி கிண்ணத்தையும் எடுத்தது கடைசியாக 2013இல், சிக்காகோ.

காரணம் இதுதான். சீசனில் இன்றைக்கு ஒரு அணி, நாளை மறுநாள் வேறொரு அணி. பிளேஓஃபில் அதே எதிரணி இரண்டு வாரம் உங்கள் முன்னால் நிற்கும். பவர் பிளேயில் (எதிரணி வீரர் பெனால்ட்டியில் வெளியே இருக்கும் நேரம்) பக் என்ற அந்த ரப்பர் வட்டு யாரிடமிருந்து யாருக்குப் போகிறது, உங்கள் பின்கள வீரர் நெருக்கினால் எந்தப் பக்கம் திரும்புவார் என்று எல்லாவற்றையும் வீடியோவில் பார்த்துவிட்டு வருவார்கள். ஒரே வழியில் கோல் அடிக்கும் அணியின் அந்த வழியை மூன்றாவது ஆட்டத்துக்குள் அடைத்துவிடுவார்கள். அதனால் ஒரு அணி எத்தனை கோல் அடித்தது என்பதைவிட, எத்தனை விதமாக அடித்தது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

என் மகன் பத்து வயது, ஹொக்கி விளையாடுகிறான். அவனோடு சேர்ந்து பார்க்கிறேன். ஒரு அணி பிளேஓஃபுக்குத் தயாரா என்று கண்டுபிடிக்க எந்தெந்த எண்களைப் பார்க்க வேண்டும்?
*வாசகி, மார்க்கம்*

நல்ல கேள்வி, அக்கா. எண்களில் இரண்டு போதும். மூன்றாவதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

முதலாவது, ஐந்துக்கு ஐந்து, அதாவது கோலியை (கோல்காப்பாளர்) விட்டு இரு பக்கமும் ஐந்து பேரோடு ஆடும்போது அடித்த கோலும் வாங்கிய கோலும். ஆட்டத்தின் பெரும்பகுதி அப்படித்தான் நடக்கிறது. பவர் பிளேயை மட்டும் நம்பி ஏறிவந்த அணி, நடுவர் பெனால்ட்டி கொடுக்காத ஒரு இரவில் தடுமாறும். முழு சீசனின் கணக்கைவிட கடைசி இருபது, இருபத்தைந்து ஆட்டங்களின் கணக்கைப் பாருங்கள். மார்ச் 7 வரை வீரர்களை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஒக்டோபரில் இருந்த அணி இப்போது இல்லை.

இரண்டாவது, 60 நிமிடத்துக்குள் வென்ற ஆட்டங்கள். பட்டியலில் இதற்குத் தனியாக ஒரு நிரல் உண்டு. புள்ளி சமமானால் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள். சீசனில் ஓவர்டைம் என்றால் மூன்றுக்கு மூன்று, ஐந்து நிமிடம், அதற்குப் பிறகு ஷூட்டவுட், அதாவது ஒவ்வொருவராகக் கோலிக்கு எதிரே தனியாகப் போய் அடிப்பது. அப்படி வென்றாலும் முழுதாக 2 புள்ளி. பிளேஓஃபில் மூன்றுக்கு மூன்றும் கிடையாது, ஷூட்டவுட்டும் கிடையாது. முழு அணியோடு இருபது இருபது நிமிடமாக, கோல் விழும்வரை ஆட்டம் போகும். 2020இல் டம்பா பேயும் கொலம்பஸும் ஐந்து ஓவர்டைம் ஆடின. ஷூட்டவுட்டில் புள்ளி சேர்த்த அணிக்கு அந்தத் திறமை இப்போது எதற்கும் உதவாது.

மூன்றாவது, கோலி. அவர் எத்தனை ஷொட் தடுத்தார் என்பதை விட்டுவிட்டு, தடுத்த பக் எங்கே போகிறது என்று பாருங்கள். நெஞ்சில் பட்ட பக்கை அப்படியே அணைத்துக்கொள்கிறாரா? கால் பாடில் பட்டது மூலைக்குப் போகிறதா, இல்லை கோலுக்கு நேர் முன்னால், எதிரணி வீரர் மட்டையைத் தரையில் வைத்துக் காத்திருக்கும் இடத்துக்கே திரும்புகிறதா? களைத்த கோலிக்கு முதலில் பிசகுவது இதுதான். முதல் தடுப்புக்கு முழங்காலில் இறங்குவார். அங்கிருந்து பக்கவாட்டில் தள்ளிப் போக அரை நொடி கூடுதலாக எடுப்பார். அடுத்த தடவை மகனின் ஆட்டத்துக்குப் போகும்போது கண்ணாடிக்குப் பக்கத்தில், கோலுக்குப் பின்புறமாக நில்லுங்கள். இரண்டாவது ஷொட்டின்போது கோலியின் முழங்காலை மட்டும் கவனியுங்கள். பிறகு தொலைக்காட்சியிலும் அது உங்கள் கண்ணில் படத் தொடங்கும்.

வினிபெக்தான் இந்த வருடம் முதலிடம். ஹெலபக் மாதிரிக் கோலி இருக்கும்போது என்ன பயம்?
*வாசகர், வினிபெக்*

56 வெற்றி, 116 புள்ளி, லீக்கிலேயே சிறந்த பவர் பிளே. கொனர் ஹெலபக் மட்டும் 47 ஆட்டம் வென்றிருக்கிறார். உங்கள் ஊர்க்காரர்கள் பெருமைப்பட வேண்டிய சீசன், அதில் சந்தேகமில்லை.

ஆனால் போன வருடமும் லீக்கில் மிகக் குறைவாகக் கோல் வாங்கிய அணி வினிபெக்தான். அப்புறம் முதல் சுற்றில் கொலராடோ வந்து ஐந்து ஆட்டத்தில் 28 கோல் போட்டது. ஒரு ஆட்டத்தில்கூட ஐந்துக்குக் குறையவில்லை. எல்லோரும் ஹெலபக்கைத்தான் திட்டினார்கள். நான் அந்தத் தொடரில் பார்த்தது வேறு. கோலுக்கு முன்னால் கொலராடோ வீரர் போய் நின்றால் அவரை அப்புறப்படுத்த ஆளில்லை. கோலிக்குப் பக் புறப்படுவதே தெரியவில்லை. தெரியாத பக்கை உலகத்தின் சிறந்த கோலியும் தடுக்க முடியாது.

இந்த முறை முதல் சுற்றில் சென் லூயிஸ். பெப்ரவரி இடைவேளைக்குப் பிறகு பன்னிரண்டு ஆட்டத்தைத் தொடர்ந்து வென்று உள்ளே வந்த அணி. அவர்களுடைய பயிற்சியாளர் ஜிம் மொன்ட்கொமரி. 135 புள்ளி பொஸ்டனுக்கு அன்று பயிற்சியாளராக இருந்தவர் அவரே. முதலிடத்து அணி எங்கே உடையும் என்பதை உள்ளே இருந்து பார்த்தவர். கோலி ஜோர்டன் பினிங்டன் 2019இல் கிண்ணம் எடுத்தவர். பெப்ரவரியில் நான்கு நாடுகள் போட்டியின் இறுதி ஆட்டத்தில் கனடாவைக் காப்பாற்றியவர். வினிபெக் வெல்லும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வினிபெக் முன்கள வீரர் நிக்கொலாய் ஏலர்ஸ் காயத்தில் இருக்கும்போது ஏழு ஆட்டம் வரை இழுபடும்.

லீஃப்ஸ். வேறு என்ன கேட்க? இந்த வருடமாவது நம்பலாமா?
*பத்துப் பன்னிரண்டு பேர். ஸ்காபரோ, ஏஜக்ஸ், பிரம்டன், மிசிசாகா*

முதலில் பழைய கணக்கைப் பார்த்துவிடுவோம். தோற்ற ஐந்து தொடர்களின் கடைசி ஆட்டத்தில் லீஃப்ஸ் அடித்த கோல்கள்: 2019இல் பொஸ்டனுக்கு எதிராக 1. 2020இல் கொலம்பஸுக்கு எதிராக ஒன்றுமில்லை. 2021இல் மொன்றியலுக்கு எதிராக 1. 2022இல் டம்பாவுக்கு எதிராக 1. 2024இல் மறுபடியும் பொஸ்டன், மறுபடியும் 1. அந்த 2024 தொடரில் பவர் பிளே 21 தடவை கிடைத்து ஒரே ஒரு கோல்.

இத்தனை வருடமும் கோலியையும் பின்களத்தையும் குறை சொன்னோம். மேலே உள்ள எண்களைப் பார்த்தால் அது நியாயமில்லை. 2022இல் டம்பா அடித்தது 2, 2024இல் பொஸ்டன் அடித்தது ஓவர்டைமில் விழுந்ததோடு சேர்த்து 2. அதிக சம்பளம் வாங்கும் முன்கள வீரர்கள் நாலு பேர் இருந்தும், அழகாகக் கடத்தி அழகாக அடிக்கும் அந்த ஒரு வழி அடைபட்டதும் வேறு வழி தெரியாமல் நின்றார்கள். முட்டிமோதி, திரும்பி வரும் பக்கைத் தட்டிவிட்டு, அசிங்கமாக ஒரு கோல் போட அவர்களுக்கு வரவில்லை.

இந்த வருடம் ஒரு மாற்றம் கண்ணுக்குத் தெரிகிறது. 2019இல் சென் லூயிஸுக்குக் கிண்ணம் எடுத்துக் கொடுத்த கிரெய்க் பெரூபே இப்போது லீஃப்ஸின் பயிற்சியாளர். அவர் பக்கை ஆழமாகப் போட்டுவிட்டுத் துரத்தச் சொல்கிறார். பார்க்க முன்னளவு அழகில்லை. கோலும் குறைந்திருக்கிறது, போன சீசனில் 69 அடித்த ஒஸ்டன் மத்தியூஸ், காயங்களோடு, இம்முறை 33தான். ஆனாலும் 108 புள்ளி எடுத்து அட்லாண்டிக் பிரிவை வென்றிருக்கிறார்கள். பின்களத்தில் கிறிஸ் டானெவ், மார்ச்சில் பொஸ்டனிலிருந்து வந்த பிரண்டன் கார்லோ போன்ற பெரிய உடம்புக்காரர்கள் ஷொட்டுக்கு முன்னால் விழுகிறார்கள். மத்தியூ நைஸ் கோலுக்கு முன்னால் போய் நிற்கிறார், அடி வாங்கினாலும் நகர்வதில்லை. இந்த அணியில் எனக்கு அதிகம் நம்பிக்கை தருவது அந்தப் பிள்ளைதான்.

கோலி அன்தனி ஸ்டோலார்ஸ் தடுப்புச் சதவீதத்தில் லீக்கிலேயே முன்னணியில் இருக்கிறார். ஆனால் இதுவரை ஒரு பிளேஓஃப் ஆட்டத்தைக்கூட அவர் முதல் கோலியாகத் தொடங்கியதில்லை. போன வருடம் புளோரிடா கிண்ணம் எடுத்தபோது அவர் முதல் கோலி பொப்ரோவ்ஸ்கிக்குப் பின்னால் இரண்டாவது ஆள். பின்னுக்கு ஜோசப் வோல் இருக்கிறார். போன வருடம் பொஸ்டனுக்கு எதிராக ஐந்தாம், ஆறாம் ஆட்டங்களை வென்று கொடுத்தவர். அதனால் கோலியில் எனக்குப் பெரிய கவலை இல்லை.

முதல் சுற்றில் எதிரே வரும் ஒட்டாவாவை லேசாக எடுக்க வேண்டாம். 2017க்குப் பிறகு முதல் தடவை பிளேஓஃபுக்கு வருகிறார்கள். இந்த சீசனில் லீஃப்ஸோடு ஆடிய மூன்று ஆட்டத்தையும் வென்றார்கள். 2004க்குப் பிறகு இரண்டு ஒன்ராரியோ அணிகள் இப்போதுதான் மோதுகின்றன. முன்பு மோதிய நான்கு தடவையும் லீஃப்ஸ் வென்றது என்று சொல்லி மகிழ்வதில் பயனில்லை. அன்று ஆடிய ஒருவரும் இன்று இல்லை. என் கணிப்பு, ஆறு ஆட்டத்தில் லீஃப்ஸ். ஞாயிற்றுக்கிழமை இரவு 7 மணிக்கு முதல் ஆட்டம். முதல் இரண்டு ஆட்டத்தில் லீஃப்ஸின் கோல்கள் எங்கிருந்து அடிக்கப்படுகின்றன என்று எண்ணுங்கள். கோலுக்குப் பத்தடிக்குள் இருந்து விழுந்தால் இந்த வருடம் வேறு வருடம். தூரத்திலிருந்து மட்டும் விழுந்தால் அடுத்த சுற்றில் திண்டாட்டம்தான்.

வாஷிங்டனின் ஒவெச்கின் 895 கோல் அடித்துவிட்டார். வாஷிங்டன் கிண்ணம் எடுக்குமா?
*வாசகர், மொன்றியல்*

ஏப்ரல் 6ஆம் திகதி அதிக கோல் அடித்த கிரெட்ஸ்கியின் சாதனையை ஒருவர் தாண்டுவதைப் பார்க்கும் பாக்கியம் நமக்குக் கிடைத்தது. கிண்ணம் சந்தேகம்தான், ஆனால் முதல் சுற்றில் உங்கள் ஊர் அணியைத் தாண்டிவிடுவார்கள். மொன்றியல் இளம் அணி. லேன் ஹட்சன், இப்போதுதான் வந்திறங்கிய இவான் டெமிடோவ், இவர்களுக்கு இன்னும் இரண்டு வருடம் கொடுங்கள்.

எட்மன்டனா, லொஸ் ஏஞ்சலிஸா?
*வாசகி, எட்மன்டன்*

2022, 2023, 2024 மூன்று வருடமும் இதே முதல் சுற்று, மூன்று முறையும் எட்மன்டன். உங்களுக்குக் கோபம் வரலாம், இந்த முறை நான் லொஸ் ஏஞ்சலிஸ் என்கிறேன். சொந்தத் தளத்தில் 41 ஆட்டத்தில் 60 நிமிடத்துக்குள் தோற்றது ஆறே ஆறு. தொடரும் அங்கேதான் தொடங்குகிறது. எட்மன்டன் பின்களத்தில் மத்தியாஸ் எக்ஹோல்ம் காயத்தில் இருக்கிறார். அவர் இல்லாமல் பக்கை வெளியே எடுத்து அணியின் நட்சத்திரம் மக்டேவிட்டின் மட்டைக்குக் கொடுப்பது யார் என்பதுதான் என் கேள்வி.

சரி, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். கிண்ணம் யாருக்கு?
*வாசகர், நோர்த் யோர்க்*

புளோரிடா. 98 புள்ளியோடு அட்லாண்டிக்கில் மூன்றாம் இடம்தான், தெரியும். மத்தியூ கச்சக் பெப்ரவரியிலிருந்து காயத்தில் இருந்தார். ஆரோன் எக்பிளாட் தடையில் இருக்கிறார், முதல் இரண்டு ஆட்டம் அவரும் இல்லை. அந்தப் புள்ளிகள் முழு அணி எடுத்தவை அல்ல. இரண்டு பேரும் திரும்பி வந்து, மார்ச்சில் எடுத்த சேத் ஜோன்ஸும் பிராட் மார்ஷான்டும் சேர்ந்தால், பட்டியலில் தெரியும் அணிக்கும் தளத்தில் இறங்கும் அணிக்கும் நிறைய வித்தியாசம். 2013, 2018, 2019, 2024 என்று நான்கு தடவை லீஃப்ஸைப் பொஸ்டன் வீட்டுக்கு அனுப்பியபோதும் அங்கே இருந்தவர் மார்ஷான்ட். அவரை மறுபடி சந்திக்க வேண்டி வரலாம் என்பது எனக்கும் வயிற்றைக் கலக்குகிறது.

முக்கியமானது, இவர்கள் கோல் அடிக்கும் வழிகள் பல. எதிரணிப் பின்கள வீரர் பக்கை எடுக்கத் திரும்பும் கணத்திலேயே முட்டித் தள்ளிப் பறிப்பார்கள். அலெக்சாண்டர் பார்கோவ் எதிரணியின் சிறந்த வரிசையை (சேர்ந்து இறங்கும் மூன்று முன்கள வீரர்கள்) கட்டிப்போட்டுவிட்டு அவரே அடிப்பார். மூன்றாவது வரிசையும் அடிக்கும். முதல் சுற்றில் டம்பா. முன்கள வீரர் குச்செரோவும் கோலி வசிலெவ்ஸ்கியும் இருக்கும் அணியை வெல்வது இலகு அல்ல. அந்தத் தொடரை வெல்லும் அணி கிழக்கையே வெல்லும் என்பது என் எண்ணம்.

மேற்கில் டாலஸ், கொலராடோ தொடரைத் தவறவிடாதீர்கள். மிக்கோ ராண்டனன் ஜனவரி வரை கொலராடோவில் இருந்தவர், இப்போது டாலஸில். டாலஸ் கடைசி ஏழு ஆட்டமும் தோற்று, பின்கள வீரர் மிரோ ஹெய்ஸ்கனனும் இல்லாமல் வருகிறது. மேற்கிலிருந்து இறுதிக்கு கொலராடோ என்று எழுதி வையுங்கள்.

வேலையிடத்தில் பிளேஓஃப் பூல், அதாவது தெரிவு செய்த வீரர்கள் எடுக்கும் புள்ளியை வைத்து நடக்கும் போட்டி. பத்து வீரர்களைத் தெரிவு செய்ய வேண்டும். யோசனை?
*வாசகர், பிக்கரிங்*

சிறந்த பத்து வீரர்களைத் தேடாதீர்கள். பூலில் புள்ளி சேர்வது அதிக ஆட்டம் ஆடுபவரால். முதல் சுற்றோடு போகும் அணியின் வீரருக்கு அதிகம் போனால் ஏழு ஆட்டம். இறுதிவரை போகிறவருக்குப் பெரும்பாலும் இருபதுக்கு மேல். கிழக்கில் ஒரு அணி, மேற்கில் ஒரு அணி என்று முடிவு செய்து, இரண்டிலிருந்தும் நாலு நாலு பேரை எடுங்கள். அதிலும் ஒரே பவர் பிளேயில் சேர்ந்து ஆடுபவர்களாக இருந்தால், ஒரு கோலுக்கு, அடித்தவரும் பக் கொடுத்த இருவருமாக, மூன்று பேருக்குப் புள்ளி விழும். மிச்ச இரண்டு இடத்துக்கு உங்கள் மனதுக்குப் பிடித்தவர்களைப் போடுங்கள். சனிக்கிழமை முதல் ஆட்டத்துக்கு முன் பட்டியலைக் கொடுத்துவிடுங்கள். காயம் பற்றிய செய்தியை அன்று காலையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.