நெல்லி பூத்துக் கொட்டுகிறது, காயைக் காணோம்: வெட்டிவிடலாமா?

கேள்வி: மணப்பாறைப் பக்கம் 3 ஏக்கரில் ஒட்டு நெல்லி வைத்து 5 வருடம் ஆகிறது. எல்லாமே என்.ஏ. 7 (நரேந்திர ஆம்லா 7) ரகம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். மாசி, பங்குனியில் மரம் கொள்ளாமல் பூத்தது, அத்தனையும் கொட்டிவிட்டது. வைகாசி பிறந்தும் கிளையில் ஒரு காய் இல்லை. கன்று கொடுத்த ஏஜென்ட்டே வந்து, ‘டானிக் அடியுங்கள், ஆடிக்குள் காய் தெரியும்’ என்கிறார். அடிப்பதா, வெட்டுவதா?

பதில்: இரண்டும் வேண்டாம். கொட்டியது பெரும்பாலும் ஆண்பூ. நெல்லியில் ஒரே போத்தில் (இளங்கிளையில்) ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியாக வரும். கீழ்ப்பக்கம் கொத்துக் கொத்தாக ஆண்பூ, நுனிப்பக்கம் கொஞ்சம் பெண்பூ. ஆண்பூ வேலை முடிந்ததும் உதிரத்தான் செய்யும்.

ஏஜென்ட் ‘ஆடி’ என்று தவணை சொன்னாரே, சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. நெல்லியில் பெண்பூ கருவுற்றாலும் காய் உடனே பருக்காது. கண்ணுக்குத் தெரியாத அளவில் கோடை முழுக்க உறங்கிக் கிடக்கும். மழை பட்ட பிறகுதான் திரளும். வட இந்தியாவில் பங்குனியில் பூத்தது ஆவணி வாக்கில்தான் காயாகத் தெரியும். நம் பக்கம் அவ்வளவு சீராக நடக்காது, முன்பின்னாக வரும். ஆக, எதையும் அடிக்காமல் விட்டாலும் மழைக்குப் பின் சில காய் தெரியும். பெயர் டானிக்குக்குப் போகும். இந்த ஒரு விஷயத்தை வைத்தே வருடா வருடம் வயிறு வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். டப்பாவில் என்ன இருக்கிறது, எத்தனை சதவீதம் என்று லேபிளில் எழுதியிராத எதையும் வாங்காதீர்கள். அப்படியும் மனசு கேட்கவில்லையா, பத்து மரத்தை அடிக்காமல் விட்டுப் பாருங்கள்.

மழைக்குப் பிறகும் காய் இல்லையென்றால், அடுத்து பார்க்க வேண்டியது ஒட்டு. தரையிலிருந்து ஒரு சாண், இரண்டு சாண் உயரத்தில் ஒட்டுக் கட்டிய தழும்பு இருக்கிறதா? பல தோட்டத்தில் ஒட்டு செத்து, கீழே இருந்த விதைக்கன்றே மரமாகி நிற்கும். விதை மரம் காய்க்க ஏழெட்டு வருடம் ஆகும். காயும் சிறுத்திருக்கும்.

ஒட்டு சரியாக இருந்தால் கோளாறு ஒரே ரகத்தை நட்டதில்தான். நெல்லிக்குத் தன் ரகத்தின் மகரந்தம் மட்டும் போதாது. இன்னொரு ரகம் காற்றெட்டும் தூரத்தில் வேண்டும். பனாரசி ரகத்தில் இது இன்னும் மோசம், அதில் பெண்பூவே குறைவு. ‘பக்கத்துத் தோட்டத்திலும் ஒரே ரகம்தான், அவருக்குக் காய்க்கிறதே’ என்பீர்கள். வாஸ்தவம். போய் அவர் வேலியைப் பாருங்கள். அங்கே நாட்டு நெல்லி ஒன்று நிற்கும். அல்லது அவர் வாங்கிய ஒரே ரகத்தில் ஏஜென்ட் கலப்படம் செய்திருப்பார், அது அவருக்கு நல்லதாக முடிந்திருக்கும்! விதையில் முளைத்த மரம் ஒவ்வொன்றும் வேறு வேறு. அதனால் அப்படி இரண்டு மூன்று மரம் காற்று வரும் பக்கத்தில் இருந்தால் ஒரே ரகத் தோட்டமும் ஓரளவு காய்க்கும். உங்களுக்கும் அப்படி இருந்தால் கீழே சொல்லும் செலவு தேவையில்லை. அந்த வேலி மரத்தை விறகுக்கு வெட்ட மட்டும் விடாதீர்கள்.

இதைக் கன்று கொடுக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். மானியத்தில் கொடுப்பவர்களும் ஒரே லாரியில் ஒரே ரகத்தை இறக்கிவிட்டு, குழியை எண்ணி, மரத்தோடு உங்களையும் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். காய்த்ததா என்று கேட்க யாரும் திரும்பி வருவதில்லை. ஏஜென்ட் இதற்கும் மேல். 20 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 108 மரம்தான் கொள்ளும். அவர் 200 கன்று தள்ளிவிடுவார். ‘காயை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்’ என்று பத்திரத்திலும் எழுதித் தருவார். காய் வரும்போது ‘சைஸ் இல்லை, புள்ளி இருக்கிறது’ என்பார். ரகத்தின் பெயர் எழுதிய பில் கையில் இல்லாமல் நீங்கள் எந்த நுகர்வோர் கோர்ட்டுக்குப் போயும் பிரயோஜனமில்லை.

இனி செய்ய வேண்டியது: பத்து மரத்துக்கு ஒன்று என்று தோட்டம் முழுக்கப் பரவலாகத் தேர்ந்தெடுங்கள். மார்கழி, தையில் இடுப்பளவுக்கு மேல் வெட்டிவிடுங்கள். துளிர்ப்பதில் நல்ல போத்து நாலைந்தை மட்டும் விட்டு, ஆனி, ஆடியில் சக்கையா அல்லது காஞ்சன் ரகத்தின் மொட்டு கட்டுங்கள் (அந்த ரகக் குச்சியின் மொட்டைப் பட்டையோடு எடுத்து, போத்தின் பட்டைக்குள் வைத்துக் கட்டுவது). மொட்டுக் குச்சியை, காய்த்து நீங்கள் கண்ணால் பார்த்த மரத்திலிருந்தே எடுக்க வேண்டும். பூக்கும் நேரத்தில் தண்ணீர் பாய்ச்ச வேண்டாம். மொட்டுக் கட்ட வருபவரிடம் நாள் கூலி பேசாதீர்கள்; பிடித்த மொட்டுக்கு இத்தனை ரூபாய் என்று பேசி, ஒரு மாதம் கழித்து எண்ணிக் கொடுங்கள்.